பிளஷருக்கு எர்த்து போட்ட கதை

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். சீர்காழியில் இன்றைக்கு என் பட்டறை நிற்கிற இடம் அன்றைக்கு ஆகாயத்தாமரை மூடிக் கிடந்த பள்ளம். ரைஸ்மில் உமிச் சாம்பலை வண்டி வண்டியாகக் கொட்டி நானே தூர்த்தேன். கீற்றுக் கொட்டகை போட்டேன். புயல் தூக்கிக்கொண்டு போனது. ஓடு போட்டேன், வெள்ளம் உள்ளே வந்து காயில் சுற்றுகிற மெஷினை முழுங்கியது. தரையை நாலடி உயர்த்தி மறுபடி கட்டினேன். டிராக்டர், நெல் அறுக்கிற மெஷின், ஆஸ்பத்திரி ஜெனரேட்டர் என்று இந்தப் பக்கத்தில் கரண்டுக் கோளாறில் நின்றுபோன எதுவும் கடைசியில் என் வாசலுக்குத்தான் வந்து சேரும். டிப்ளமா படித்தவர்கள் மூன்று பேர் என்னிடம் வேலை பார்க்கிறார்கள். வயரிங் படத்தை அவர்கள் பார்ப்பார்கள். கோளாறை நான் பார்ப்பேன்.

இதையெல்லாம் எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். யாரும் கற்றுத்தரவில்லை. பத்து வயதில், டவுன் மெக்கானிக் கைவிட்ட ஒரு காரின் செல்ஃப் கோளாறை நான் கண்டுபிடித்தேன். அதிலிருந்து கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

கார் எங்களுடையது இல்லை. அப்பா ஓட்டிய கார். கொள்ளிடத்துக்கு இந்தப் பக்கம் ஒரு ரைஸ்மில் முதலாளியிடம் அவர் டிரைவராக இருந்தார். அன்றைக்கு எங்கள் ஊரில் காருக்குப் பிளஷர் என்றுதான் பெயர். அது அப்போதே பழைய வண்டி. கறுப்பு நிறம், இரண்டு பக்கமும் ஏறி நிற்கப் பலகை, முன்னால் தவளைக்கண் மாதிரி இரண்டு விளக்கு. அப்பா அதைக் கழுவித் துடைத்த நேரத்தில் பாதியை எங்களைக் குளிப்பாட்டச் செலவழித்திருந்தால் நாங்கள் இன்னும் கொஞ்சம் சிவப்பாக இருந்திருப்போம் என்று அம்மா சொல்வாள்.

அந்த வண்டிக்குத் திடீரென்று செல்ஃப் எடுக்காமல் போயிற்று. பட்டனை அழுத்தினால் இஞ்சினைச் சுற்றிக் கிளப்ப வேண்டிய மோட்டார், சளி பிடித்த மாடு மாதிரி இரண்டு முறை முனகிவிட்டு நிற்கும். முன்னால் ஹேண்டிலைச் செருகிச் சுற்றினால் மட்டும் கிளம்பும். ஒரு நாள் முதலாளி வெள்ளை வேட்டியோடு ஏறி உட்கார்ந்து கால் மணி நேரம் காத்திருந்துவிட்டு இறங்கினார்.

"வண்டி இந்த லட்சணத்துல நின்னா, டிரைவர்னு ஒருத்தன் எதுக்குப்பா?" என்றார்.

நான் மில் களத்தில் நெல்லுக்குக் காவலாகக் காக்கை விரட்டிக்கொண்டிருந்தேன். என் காதில் விழுந்தது இந்த ஒரு வாக்கியம்தான். செல்ஃப் எடுக்காவிட்டால் அப்பாவுக்கு வேலை போய்விடும். அதற்கு முந்தின வாரமே, நாகூர்ப் பக்கத்து வியாபாரி ஒருவர் வண்டியைப் பார்க்க வரப்போகிறார் என்று வீட்டில் பேசிக்கொண்டார்கள். பார்க்க வருவது என்றால் எங்கள் பக்கத்தில் என்ன அர்த்தம் என்பது பெண் இருக்கிற வீட்டில் எல்லோருக்கும் தெரியும். எனக்கு அக்கா தங்கை கிடையாது. பார்ப்பார், போவார் என்று நினைத்துக்கொண்டேன்.

டவுனிலிருந்து மெக்கானிக் வந்தார். பேட்டரியை எடுத்துப்போய் சார்ஜ் ஏற்றிக் கொண்டுவந்தார். முனகல் போகவில்லை. செல்ஃப் மோட்டாரையே கழற்றி, சாக்கின் மேல் வைத்து, பேட்டரியில் நேராகக் கொடுத்துப் பார்த்தார். பம்பரம் மாதிரி சுற்றியது. திரும்ப வண்டியில் மாட்டினார். பழையபடி முனகியது. இரண்டு நாள் இப்படிக் கழற்றுவதும் மாட்டுவதுமாகப் போனது. மூன்றாம் நாள் வண்டிக்கு வயசாயிடுச்சு என்று சொல்லிவிட்டு அவர் சைக்கிளில் ஏறினார். அப்பா பக்கத்தில் நின்று கேட்ட ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தார். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

பேசுகிற பொறுப்பை மாமா எடுத்துக்கொண்டார். அம்மாவின் தம்பியான அவர்தான் மில்லின் மோட்டார்காரர். வயல்களில் பம்புசெட் இழுக்கவில்லை என்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அங்கே அவர் செய்கிற வைத்தியம் ஒன்றே ஒன்று. கொட்டகைக்கு வெளியே எர்த்துக் குழி இருக்கும். குழாயைப் புதைத்து உப்பும் கரியும் போட்டு மூடியது. அதில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றச் சொல்வார். பாதி நாள் மோட்டார் சரியாகிவிடும். மீதி நாள் கரண்டு தானாக வரும். இரண்டுக்கும் பேர் மாமாவுக்குத்தான்.

"எர்த்து இல்லீங்க முதலாளி. அதான் கோளாறு," என்றார் மாமா. "நாலு ரப்பர் டயர் மேல நிக்குது. மண்ணுக்கும் வண்டிக்கும் ஒட்டே இல்ல. பிறகு எப்படி இழுக்கும்?"

"இத்தனை வருஷம் இழுத்துச்சேடா?"

"அப்ப டயர் தேஞ்சிருந்துச்சுங்க. போன மாசம் நீங்க புதுசு மாத்தினீங்கள்ல."

முதலாளிக்கு இது நியாயமாகப் பட்டது. வாய்க்கால் ஓரம் வண்டிக் கொட்டகைக்குப் பக்கத்திலேயே குழி வெட்டி, ஆளுயரக் குழாயை இறக்கி, உப்பும் அடுப்புக் கரியும் கொட்டி, அதிலிருந்து தடித்த கம்பி ஒன்றை இழுத்துப் பிளஷரின் பம்பரில் கட்டினார் மாமா. கட்டுத்தறியில் மாடு நிற்பது மாதிரி கார் நின்றது. கிளம்பிய பிறகு எர்த்தை எப்படிக் கூடவே கொண்டுபோவது என்று களத்துப் பெண்களில் ஒருத்தி கேட்டாள். சங்கிலி தொங்கவிட்டுக்கொள்ளலாம் என்று மாமா பதில் வைத்திருந்தார்.

வியாழக்கிழமை காலையில் நாகூர்க்காரர் வந்தார். மலாயாவில் கடை வைத்திருந்து திரும்பியவர். பூப்போட்ட லுங்கியும் தொப்பியுமாக, வண்டியை ஒரு சுற்று சுற்றிவந்து, கதவைத் திறந்து மூடி, சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டார்.

"நல்லா வச்சிருக்கீங்க டிரைவரண்ணே," என்று அப்பாவைப் பார்த்துச் சொன்னார். "செல்ஃப் அடிங்க, பாப்போம்."

மாமா குழியில் ஒரு குடம் தண்ணீரைக் கவிழ்த்தார். என்னைப் பார்த்து, "மாப்ள, உள்ள ஏறி சோக்கை இழுத்துப் புடிடா, விட்றாத," என்றார். சோக்கு என்பது குளிர்ந்த இஞ்சினுக்குப் பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்கிற குமிழ். பிடித்துக்கொள்ளாவிட்டால் உள்ளே ஓடிவிடும். நான் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பிடித்தேன். அப்பா செல்ஃபை அழுத்தினார். முனகியது. மாமா இன்னொரு குடம் ஊற்றினார். முனகியது.

"ஹேண்டில் அடிச்சுக் கிளப்புற வண்டிய மருமகனுக்கு எப்படிங்க குடுக்கறது?" என்றார் நாகூர்க்காரர் முதலாளியிடம். "நாளைக்கு என் மகளைச் சொல்லிக் காட்டுவான்."

மூன்றாவது முறை அழுத்தியபோது என் கை சுட்டது. குமிழைச் சட்டென்று விட்டுவிட்டேன்.

"சோக்குக் கம்பி சுடுது மாமா."

"வெயில்டா."

கொட்டகைக்குள் ஏது வெயில். மில்லில் மாமாவே ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார், கம்பி சுட்டால் அந்த வழியாக லோடு போகிறது என்று. சொன்ன அவருக்கு அது மறந்துவிட்டது. கேட்ட எனக்கு மறக்கவில்லை. சோக்குக் கம்பியில் கரண்டுக்கு என்ன வேலை? இஞ்சினிலிருந்து திரும்பிப் போகிற கரண்டு தன் சொந்த வழி அடைத்துக் கிடப்பதால் இந்த ஒல்லிக் கம்பியில் நெருக்கியடித்துக்கொண்டு போகிறது. இந்த வார்த்தைகளில் எனக்கு அப்போது சொல்லத் தெரியாது. ஆனால் நினைத்தது இதைத்தான். மடையை அடைத்தால் தண்ணீர் நண்டு வளை வழியாகப் போவதைத் தினம் பார்க்கிற ஊர்க்காரனுக்கு இது பெரிய விஷயம் இல்லை.

நாகூர்க்காரர் குனிந்து கம்பியைத் தொட்டுவிட்டுக் கையை உதறினார். "தம்பி சொல்றது சரிதாங்க. சுடத்தான் செய்யுது."

அதற்குள் நான் இறங்கி வண்டிக்கு அடியில் புகுந்துவிட்டேன். மேலே அப்பாவின் குரல் கேட்டது. "வெளிய வாடா. சட்டை அழுக்காயிடும்."

என் சட்டையைப் பற்றி அப்பா அதுவரை ஒரு நாளும் கவலைப்பட்டதில்லை. அன்று நான் போட்டிருந்தது அழுக்காக இனி இடமில்லாத சட்டை.

அடியில் ஒரு செம்புப் பட்டை இருந்தது, சடை பின்னியது மாதிரி. இஞ்சின் ரப்பர் கட்டைகளின் மேல் உட்கார்ந்திருப்பதால் அதையும் வண்டியின் இரும்புச் சட்டமான சேஸியையும் இணைத்துக் கரண்டுக்குத் திரும்ப வழி கொடுப்பது அந்தப் பட்டைதான். வண்டிக்கு எர்த்து என்பது அதுதான். மண்ணோடு அதற்குச் சம்பந்தம் கிடையாது. ஆக மாமா சொன்ன வார்த்தை சரி. தோண்டிய இடம்தான் தப்பு. பட்டையின் ஒரு முனையில் சைக்கிள் டியூப் ரப்பரை உறை மாதிரி மாட்டி, அதன் மேல் போல்ட்டை முடுக்கியிருந்தது. டவுன் மெக்கானிக் அசட்டையாக விட்டுப்போனது என்று நினைத்துக்கொண்டேன். ஸ்பேனர் கேட்டேன். ஸ்பேனர் அப்பா கையில்தான் இருந்தது. மாமா வாங்கி உள்ளே நீட்டினார். ரப்பரை உருவி எறிந்துவிட்டு, முனையைச் செங்கல்லில் தேய்த்துப் பளபளப்பாக்கி மாட்டினேன்.

அப்பா பட்டனை அழுத்தினார். ஒரே சுற்றில் இஞ்சின் பிடித்துக்கொண்டது. களத்திலிருந்து புறாக்கள் எழுந்தன.

"முதல்லயே சொன்னான், எர்த்துதான்னு," என்று முதலாளி மாமாவின் முதுகில் தட்டினார். மாமா அந்தத் தட்டலை வாங்கிக்கொண்டார்.

அன்று மதியமே வண்டி கைமாறியது. நாகூர் வரை அப்பாவே ஓட்டிப்போய்ச் சாவியைக் கொடுத்துவிட்டு, பஸ்ஸில் திரும்பிவந்தார். கிளம்புவதற்கு முன் தரையில் கிடந்த அந்த ரப்பரை எடுத்து அவரிடம் காட்டினேன். பாராட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் அதை வாங்கி, மண்ணைத் துடைத்து, பையில் போட்டுக்கொண்டார். அழுக்கு ரப்பரை ஏன் பையில் போடுகிறார் என்று தோன்றியது. அதற்கு மேல் யோசிக்கவில்லை. அடுத்த வாரத்திலிருந்து அவர் அதே மில்லில் நெல் அவிக்கிற இடத்தில் வேலை பார்த்தார். சாகும்வரை வேறு வண்டி எதையும் ஓட்டவில்லை. நானும் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு நெல் தள்ளப் போனேன்.

பட்டறை வைத்துப் பல வருஷம் கழித்து, ஒரு டிராக்டரின் எர்த்துப் பட்டையை முடுக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. ரப்பரை எந்த மெக்கானிக்கும் அந்த இடத்தில் தவறிப்போய் வைக்கமாட்டான். சைக்கிள் டியூப்பை அத்தனை அளவாக வெட்டி உறை போடுவது எங்கள் வீட்டில் குடைக்கம்பிக்கும் அரிவாள் பிடிக்கும் போட்டுக்கொடுத்த ஆளின் கைவேலை. அப்பாவின் வேலை அந்தச் செல்ஃபில் தொங்கிக்கொண்டிருந்தது என்பது பத்து வயதில் எனக்குத் தெரியும். எடுத்தால் நிலைக்குமா, எடுக்காமலிருந்தால் நிலைக்குமா என்பதைத்தான் தலைகீழாகப் புரிந்துகொண்டிருந்தேன்.

இப்போது அந்தப் பிளஷரை நாகூர்க்காரரின் பேரன் புதுசு மாதிரி ஆக்கி வைத்திருக்கிறார். தஞ்சாவூரில் பழைய கார்களை வரிசையாக நிறுத்திக் காட்டினார்கள்; நானும் போய்ப் பார்த்தேன். வண்டிக்கு முன்னால் ஒரு பலகை. அதில், இதன் எர்த்துக் கோளாறை ரைஸ்மில் மோட்டார்காரர் ஒருவர் கண்டுபிடித்துச் சரிசெய்தார் என்று எழுதியிருக்கிறது.

பலகை எழுதிய தம்பி, அதை அழித்துவிட்டு வேறு எழுத வேண்டும். கண்டுபிடித்தது நான், டிரைவரின் மகன், வயது பத்து. டவுன் மெக்கானிக் இரண்டு நாள் தேடியும் கையில் அகப்படாதபடி அந்தக் கோளாறைச் செய்துவைத்தது என் அப்பா. அதுவும் சுத்தமான வேலை, அதையும் போடுங்கள். அவருடைய வேலை போனது யாரால் என்று கீழே ஒரு வரி வரட்டும். அந்த இடத்திலும் என் பெயர்தான் இருக்க வேண்டும்.