பக்கத்து சீட்டு ஆள்

பெரிய படுக்கை விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து உதறி, எதிரும் புதிருமாக நடந்து வந்து சேர்க்க வேண்டும். லாண்டரி அக்கா அதைத் தனியாகவே மடிப்பாள். நடு விளிம்பைத் தாடையில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்து, கண் மூடித் திறப்பதற்குள் அடுக்கில் வைத்துவிடுவாள். ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், ஜன்னல் இல்லாத சலவைக்கூடத்தில், முப்பத்தோரு வருடமாக அவளுக்கு இதுதான் வேலை. ஆரம்பத்தில் ஜோடிக்கு ஒருத்தி இருந்தாள். அவள் கல்யாணமாகிப் போன பிறகு வேறு ஆள் போடவில்லை. "அதான் நீயே சமாளிச்சுடுறியே" என்றார் மேலாளர். சமாளிக்கத் தெரிந்தவளுக்குத் துணைக்கு ஆள் கொடுக்க யாருக்குத்தான் தோன்றும்?

குடியிருப்பு தம்பி வீட்டு மாடியில் ஒற்றை அறை. தம்பி நல்லவன். தம்பி மனைவியும் குறை சொல்ல முடியாதவள். மாடிப்படி வெளிப்பக்கமாக இருந்ததால் அவளுக்குத் தனிச்சாவி கொடுத்திருந்தார்கள். சௌகரியத்துக்குக் கொடுத்த சாவிதான். ஆனால் அந்தச் சாவி கைக்கு வந்த நாளிலிருந்து, கீழே கதவைப் பூட்டும்போது "அத்தை வந்தாச்சா?" என்று கேட்க வேண்டிய தேவை யாருக்கும் இல்லாமல் போயிற்று. கல்யாணம் ஏன் ஆகவில்லை என்றால், பெரிய கதை எதுவும் கிடையாது. இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போனது. பிறகு பேச்செடுக்க எல்லோருக்கும் கூச்சமாகிவிட்டது, அவ்வளவுதான்.

கடலோரக் கற்கோயிலுக்குப் போகலாம் என்று ஆசை காட்டியது தங்கை. ஒரு நாள் பஸ் பயணம், இரண்டு சீட்டு, இருவரும் பக்கத்தில் பக்கத்தில். கிளம்ப வேண்டிய காலையில் போன் வந்தது.

"அக்கா, இவரோட அக்கா குடும்பம் சொல்லாம கொள்ளாம வந்து நிக்குது. நான் எப்படி வர்றது? நீ போயிட்டு வாயேன். நிறைய போட்டோ எடு."

"சரிடி, பரவாயில்ல" என்றாள். 'பரவாயில்ல' என்ற சொல் அவள் வாயில் தேய்ந்து வழவழப்பாகியிருந்தது.

பஸ்ஸில் எல்லோரும் ஜோடி ஜோடியாக இருந்தார்கள். வழிகாட்டி, தொப்பியும் தொந்தியுமாக ஒரு நாற்பது வயதுக்காரர், ஏறியதுமே அறிவித்துவிட்டார். "இத பாருங்க, தலை எண்ணுற வேலையெல்லாம் நமக்கு ஒத்துவராது. அவங்கவங்க பக்கத்து சீட்டு ஆள் வந்தாச்சான்னு பாத்துக்குங்க. வரலைன்னா ஒரு சத்தம் குடுங்க, வண்டி நிக்கும்!"

டீக்கடையில் நிறுத்திக் கிளம்பியபோது அது நன்றாகவே வேலை செய்தது. "ஐயோ, எங்க வீட்டுக்காரரு இன்னும் வரல!" என்று ஒரு அம்மா போட்ட கூச்சலில் டிரைவர் இன்ஜினையே அணைத்துவிட்டார். மனுஷன் கழிப்பறையிலிருந்து அசடு வழிய ஓடிவந்தார். பஸ்ஸே சிரித்தது. லாண்டரி அக்காவும் சிரித்தாள். சிரித்துவிட்டுத் தன் பக்கத்து சீட்டைப் பார்த்தாள். அங்கே அவளுடைய குடை படுத்திருந்தது. குடைக்கு வாய் இல்லை.

கோயில் அவள் நினைத்ததைவிடச் சின்னது. பூசை நின்று பல நூறு வருடம் ஆகிவிட்டதாம். உப்புக்காற்று தின்றதில் சாமிகளுக்கு மூக்கும் இல்லை, முழியும் இல்லை. மதில்மேல் வரிசையாகக் கல் நந்திகள் உட்கார்ந்திருந்தன. பின்பக்க அறையில், கருங்கல் தரையில், ஒரு பெருமாள் நீட்டிப் படுத்திருந்தார். காலடியில் தாயார் இல்லை. "உன்னையும் விட்டுட்டுப் போயிட்டாங்களா?" என்று அவரிடம் கேட்டாள். கேட்ட பிறகு யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்த்தாள். பார்ப்பதற்கு யாரும் இல்லை.

கடலைப் பார்த்த கல்படியில் உட்கார்ந்தாள். கல் இளஞ்சூடாக, இஸ்திரி போட்ட துணிபோல இருந்தது. அப்போதுதான் பஸ் ஹார்ன் கேட்டது. எழப்போனவள் எழவில்லை.

ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, தன்னைத் தேடி யாராவது வரட்டுமே என்று தோன்றியது. ஐம்பத்தாறு வயதில் கண்ணாமூச்சி ஆடுவது பைத்தியக்காரத்தனம் என்று அவளுக்கே தெரியும். ஆனாலும் தூணுக்குப் பின்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். ஹார்ன் இன்னொரு தரம் அடித்தது. இதோ கத்துவார்கள், இதோ அந்தத் தொப்பிக்காரர் ஓடிவருவார் என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். தூணுக்கு அப்பால் எட்டிப் பார்த்தபோது பஸ் சாலைத் திருப்பத்தில் போய்க்கொண்டிருந்தது.

அழுகை உடனே வரவில்லை. முதலில் வெட்கமாகத்தான் இருந்தது. பயண டிக்கெட்டில் வழிகாட்டியின் நம்பர் அச்சாகியிருந்தது. போனை எடுத்தாள், வைத்தாள். 'என்னை விட்டுட்டுப் போயிட்டீங்க' என்று தானே போன் போட்டுச் சொல்வதா? தங்கையைக் கூப்பிடலாம், வீட்டில் விருந்தாளிகள் இருப்பார்கள். தம்பியைக் கூப்பிடலாம், அவள் எங்கே போயிருக்கிறாள் என்பதையே முதலிலிருந்து சொல்ல வேண்டும். அலை வந்து வந்து போனது. இப்போது அழுகை வந்தது. துடைக்க வேண்டிய அவசியமும் இல்லாததால் வழியவிட்டாள்.

முக்கால் மணி நேரம் கழித்து அதே ஹார்ன் கேட்டது.

அவள் எழுந்து ஓடினாள். முழங்கால் வலி எங்கே போனதென்று தெரியவில்லை. கோயில் வாசலில் பஸ் நின்றிருந்தது. தொப்பிக்காரர் மூச்சிரைக்க அவளை நோக்கித்தான் ஓடிவந்தார். 'சாரி சார், கண்ணசந்துட்டேன்' என்று சொல்ல வாயைத் திறந்தாள்.

"நீங்களும் இறங்கிட்டீங்களாக்கா? நல்லதாப் போச்சு!" என்றார் அவர். "அந்தப் பக்கம் ஒரு சிவப்புக் கைப்பை கிடக்குதான்னு பாருங்க. முன் சீட்டு மேடம் மறந்துட்டாங்க, வீட்டுச் சாவி அதுலதான் இருக்காம்."

அவள் திறந்த வாயை மூடினாள். கைப்பையைத் தேடினாள். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. பழக்கதோஷம், தொலைந்ததைத் தேடாமல் இருக்க அவளால் முடியாது. மதிலோரம் நந்தியின் நிழலில் அது கிடந்தது. கொண்டுவந்து கொடுத்தபோது முன் சீட்டுப் பெண் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "தெய்வம் மாதிரி வந்தீங்கம்மா!" பஸ்ஸுக்குள் கைதட்டினார்கள்.

எல்லோரும் ஏறினார்கள். வழிகாட்டி படியில் தொற்றிக்கொண்டு வழக்கமான குரல் கொடுத்தார். "பக்கத்து சீட்டு ஆள் வந்தாச்சா?"

"வந்தாச்சு!"

"நான் ஏறல" என்றாள் லாண்டரி அக்கா, தரையில் நின்றபடி.

"என்னக்கா, கண்ணு முன்னாடி நின்னுக்கிட்டு... ஏறுங்க, ஏறுங்க, நேரமாச்சு."

"இப்ப ஏறாததச் சொல்லல சார். போன தடவையும் நான் ஏறல."

அவருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் முகம் வெளுத்தது. டிரைவர் இன்ஜினை அணைத்தார். முன் சீட்டுப் பெண்தான் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக் கேட்டாள்.

"அப்ப இத்தனை நேரமும் தனியாவாம்மா இருந்தீங்க?"

"ஆமாம்மா" என்றாள் லாண்டரி அக்கா. "தனியாத்தான் இருந்தேன்."