சொல்தா வீட்டில் என் மகளுக்குக் கிடைத்த தோழி

ஆண்டவர் எங்கள் வீட்டில் செய்ததை வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். என் பெயர் செசிலி. செலியமேட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறோம். கிருமாம்பாக்கத்தில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை செய்கிறேன்.

போன வருடத்துக்கு முந்தின வருடம் தவக்காலத்தில் என் வீட்டுக்காரர் சேவியர் கடலூர் ரோட்டில் லாரி மோதி இறந்துபோனார். பைக்கில் பின்னால் உட்கார்ந்திருந்த எங்கள் மகள் ஜெசி ரோட்டோரப் புல்லில் போய் விழுந்தாள். முழங்கையில் ஒரு சிராய்ப்பு, அவ்வளவுதான். அப்போது அவளுக்கு எட்டு வயது. அன்றிலிருந்து அவள் வாயைத் திறக்கவில்லை. அடக்கத்தின்போதுகூட அழவில்லை. என்னை அம்மா என்றும் கூப்பிடவில்லை.

டாக்டரிடம் காட்டினேன். நாக்கு, தொண்டை, காது எல்லாம் நன்றாக இருக்கிறது, அதிர்ச்சிதான் காரணம், பேசு பேசு என்று வற்புறுத்தாதீர்கள் என்றார்கள். நான் வற்புறுத்தவில்லை. ஆனால் அடுப்படியிலும் பஸ்ஸிலும் எனக்கு ஒரே செபம்தான்: ‘ஆண்டவரே, என் புள்ள வாயத் தொற.’ வில்லியனூர் மாதாவுக்கு நேர்ந்துகொண்டு, சனிக்கிழமை தவறாமல் போய் மெழுகுதிரி ஏற்றினேன். ஒன்றும் நடக்கவில்லை. ஒரு கட்டத்தில் செபமாலையை எடுக்கவே கை வரவில்லை.

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் அவளை ஊமச்சி என்று கூப்பிட்டார்கள். போன வருடம் மழை தொடங்கும் சமயத்தில் டீச்சர் போன் செய்தார். “மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் ஜெசி கிளாஸ்ல இருக்கறதே இல்லம்மா. வூட்டுக்கா வருது?”

வீட்டுக்கு வரவில்லை. எங்கே போகிறாள் என்று பக்கத்து வீட்டில் இருக்கும் என் ஓரகத்தி பிலோமினா அக்காதான் சொன்னார்.

“செசிலி, சொல்றேன்னு பயப்படாத. அது சொல்தா வூட்டுக்குள்ள போவுது. நானே கண்ணால பாத்தேன்.”

சொல்தா வீடு ஏரிக்கரையில் தனியாக நிற்கிற பெரிய பழைய வீடு. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த ஒருவர் கட்டியது; பட்டாளத்துக்காரரை எங்கள் பக்கம் சொல்தா என்பார்கள். குடும்பம் பிரான்சுக்குப் போய்ப் பல காலம் ஆகிறது. அந்த வீட்டு மருமகள் கிணற்றில் விழுந்து செத்தாள், இன்னும் அங்கேதான் நடமாடுகிறாள் என்று ஊரில் பேச்சு. கொஞ்ச நாளாக உள்ளே வெளிச்சம் தெரிகிறது, கொலுசுச் சத்தம் கேட்கிறது என்றும் சொன்னார்கள்.

“அவதான் புள்ளய இஸ்துகினு போறா. பேச்சையும் அவதான் புடிச்சி வெச்சிருக்கா. பேய் ஓட்ற ஆளு ஒருத்தர் இருக்காரு, வா, இட்டுகினு போலாம்” என்றார் அக்கா. எங்கள்மேல் உள்ள பாசத்தில்தான் சொன்னார்.

“ஏற்கெனவே பயந்து கெடக்கற புள்ளய இன்னும் பயமுறுத்த முடியாதுக்கா” என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் கம்பெனிக்கு லீவு போட்டேன். மத்தியானம் செபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனேன். ‘ஆண்டவரே, உள்ள இன்னா இருந்தாலும் நீ எங்கூட வா’ என்று மட்டும் கேட்டேன்.

வீட்டின் பின்பக்கம் போகும்போது குழந்தைகள் விளையாடுகிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். ஜெசியும், அவள் வயதுப் பெண் ஒருத்தியும் அஞ்சாங்கல் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஜெசி சிரித்துக்கொண்டிருந்தாள். சத்தம் போட்டுச் சிரித்தாள்! அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாள் ஆயிற்று! என்னைக் கண்டதும் சிரிப்பு நின்றுவிட்டது. அந்தப் பெண் சட்டென்று எழுந்து, ஜெசியைத் தன் முதுகுக்குப் பின்னால் இழுத்து மறைத்துக்கொண்டாள். அவள் காலில் கொலுசு இருந்தது.

உள்ளேயிருந்து நிறைமாதக் கர்ப்பிணி ஒருவர் வந்தார். “அக்கா, உக்காரு. பாப்பா நல்ல பாப்பா” என்று தெரிந்த தமிழில் சொல்லி, ஒரு கிண்ணத்தில் பொரி கொண்டுவந்து வைத்தார். அவர் பெயர் பசந்தி. பெண்ணின் பெயர் குனி. ஒடிசாவிலிருந்து கட்டட வேலைக்கு வந்த குடும்பம். வேறு யாரும் வாடகைக்கு வராத வீடு என்பதால் மேஸ்திரி அவர்களை அங்கே தங்க வைத்திருந்தார். கரண்டு கிடையாது. ஊர் கண்ட வெளிச்சம் அவர்கள் ஏற்றிய விளக்கு.

ஜெசியிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னேன். “முழு நாளும் ஸ்கூல்ல இரு. வுட்டதும் இங்க வா. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.” தலையாட்டினாள். அதற்குப் பிறகு பள்ளிக்கூடத்துக்கு ஒழுங்காகப் போனாள். ராத்திரி நன்றாகத் தூங்கினாள். பேச்சு மட்டும் வரவில்லை. பிலோமினா அக்கா கோபித்துக்கொண்டு என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார்.

நல்ல மழை பெய்துகொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்கள் சேர்ந்து செபிக்கும் எங்கள் அன்பியக் கூட்டம் தெருக்கோடியில் ஒரு வீட்டில் நடந்தது. செபமாலை சொல்லிக்கொண்டிருந்தோம். ஜெசி நனைந்துபோய் வாசலில் வந்து நின்றாள். மூச்சு வாங்கியது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“அம்மா” என்றாள். கரகரவென்று, யாரோ ஒருத்தர் குரல்போல இருந்தது. “குனியோட அம்மாக்கு ரத்தமா போவுது. அவ அப்பாவும் வெளியூரு போயிருக்காரு, அங்க யாருமே இல்ல. வாம்மா.”

நான் எழுந்திருக்கவில்லை. அவள் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். முதலில் எழுந்தது பிலோமினா அக்காதான். “இன்னாடி பாத்துகினு ஒக்காந்துகினு கீற? புள்ள கூப்புடுது இல்ல, எழுந்து வாடி!” என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினார். அந்த வீட்டு வாசற்படியை முதலில் மிதித்ததும் அவர்தான்.

108 வண்டி ரோட்டிலேயே நின்றுவிட்டது. ஏரிக்கரை முழுக்கச் சேறு. பசந்தியைக் கயிற்றுக் கட்டிலோடு பெண்கள் நாங்களே தூக்கிக்கொண்டு போனோம். பிள்ளையார்குப்பம் பெரிய ஆஸ்பத்திரியில் உடனே உள்ளே எடுத்தார்கள். தாயும் பிழைத்தார், பெண் குழந்தையும் பிழைத்தது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் இரண்டு உயிரும் போயிருக்கும் என்று டாக்டரம்மா சொன்னார்.

வராந்தா பெஞ்சில் குனி என் மடியில் தூங்கிவிட்டாள். ஜெசி என் தோளில் சாய்ந்திருந்தாள். பயந்துகொண்டேதான் கேட்டேன். “இவ்ளோ நாளா ஏன்டா கண்ணு அம்மாகிட்ட பேசல?”

தூங்குகிற குனியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “அன்னிக்கி நான் பேசிகினே வந்தேன்மா. அப்பா, அப்பான்னு கூப்டேன். அப்பா திரும்பிப் பாத்தாரு. அப்பதான் லாரி வந்துச்சி.”

என் பிள்ளை தன் பேச்சால்தான் அப்பா செத்தார் என்று நினைத்து வாயை மூடிக்கொண்டிருக்கிறாள். எந்த ஸ்கேனிலும் இது தெரியவில்லை. பெற்ற எனக்கும் தெரியவில்லை.

“குனிகிட்ட மட்டும் சொன்னேன்மா. டெய்லி சொல்வேன். அவளுக்குத் தமிழ் தெரியாது இல்ல. ஆனா நான் அழுதா அவளும் அழுவா.”

அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். “உன்னால இல்லடா. லாரிக்காரன் தப்பா வந்தான். அப்பாக்கு உன் பேச்சுன்னா உசுரு” என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். அப்போதுதான் அவளும் அப்பாவுக்காக முதல்முறையாக அழுதாள்.

நான் கேட்டது ஒரு வார்த்தை. ஆண்டவர் அந்த வார்த்தை வருவதற்கு முன்னாலேயே ஒரு குழந்தையை ஒடிசாவிலிருந்து ரயிலேற்றிக் கொண்டுவந்து, நான் பயந்து ஒதுங்கிப்போன வீட்டில் வைத்திருந்தார். அப்படித்தான் நான் விசுவசிக்கிறேன்.

ஜெசி இப்போது பேசுகிறாள். கூட்டத்தில் இன்னும் திக்குகிறது. அவ்வப்போது கவுன்சிலிங்குக்கும் அழைத்துப் போகிறேன். குனியை அதே பள்ளிக்கூடத்தில் சேர்த்தோம். குழந்தைக்குப் பெயர் வைத்த அன்று பிலோமினா அக்கா பாயசம் காய்ச்சி எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனார்.

இதைக் கேட்கிறவர்களே, உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை பேசாமல் சுருண்டு கிடக்கலாம். செபம் செய்து செய்து நீங்கள் அலுத்துப் போயிருக்கலாம். விட்டுவிடாதீர்கள், கேட்டுக்கொண்டே இருங்கள். பதில் எந்த வாசல் வழியாக வர வேண்டும் என்பதை மட்டும் அவரிடம் விட்டுவிடுங்கள். அவருக்கு நன்றி.