மாமா பையில் போட்ட அட்டை

என் அத்தை மெய்யுனின் கணவர் பிங்ஹுவாங், தைவானில் சாங்ஹுவா ஊரில் தண்ணீர்க் குழாய் செய்யும் பட்டறையில் மேஸ்திரி. கைதட்டல் இல்லாமல் ஒரு நல்ல காரியமும் அவரால் செய்ய முடியாது. ஒருமுறை பாக்கு மெல்வதை விட்டார். வீட்டில் எல்லோரும் தினமும் அவர் பல்லைப் பார்த்துப் பாராட்டினார்கள். பாராட்டி அலுத்துப்போன வாரமே கன்னம் பழையபடி உப்பியது.

அவர் மகள் யீசுவானுக்கு ஏழு வயது. பேச்சு வராது. சத்தம் தாங்காவிட்டால் ரத்தம் வரும்வரை முன்கையைக் கடித்துக்கொள்வாள். பயிற்சி மையத்தில் லின் டீச்சர் அவளுக்குக் கதவுப் படம் போட்ட அட்டை ஒன்று கொடுத்தார். அதை நீட்டினால் உடனே வெளியே கூட்டிப்போக வேண்டும். கடிக்கப் போனால் கையை விலக்கிவிடுவார்கள், அவ்வளவுதான்; வெளியே கூட்டிப்போக மாட்டார்கள். கோடைக்குள் புண் ஆறியது. அத்தை அவளுக்கு முதன்முறையாக அரைக்கைச் சட்டை வாங்கினாள். மாமாவோ, தன் கண்டிப்பால்தான் எல்லாம் நடந்தது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

பட்டறையின் வருடக் கடைசி விருந்து வந்தது. தெருவை மறித்துக் கூடாரம், லாரி மேல் பாட்டுக்காரி, ஆளுயர ஒலிபெருக்கிகள்.

"இவ வேணாங்க. சத்தம் ஜாஸ்தியா இருக்கும்," என்றாள் அத்தை.

"அதான் சரியாயிடுச்சே. முதலாளி ஒரு வாட்டி பாக்கட்டும்."

முதலாளியும் அவர்களும் உட்கார்ந்த மேசையில் நானும் இருந்தேன். இரண்டாவது பாட்டிலேயே யீசுவான் அட்டையை அப்பாவிடம் நீட்டினாள். மாமா அதை வாங்கி உயரத் தூக்கிக் காட்டினார்.

"பாத்தீங்களா முதலாளி, எம் பொண்ணு பேசுறா."

மேசை கைதட்டியது. மாமா அட்டையைத் திருப்பிக் கொடுத்தார். "இன்னொரு வாட்டி காட்டுடா கண்ணு." தெருப்பக்கம் பார்த்துக்கொண்டே அவள் மறுபடி நீட்டினாள். மறுபடி கைதட்டல். அத்தை எழுந்தாள்.

"உக்காரு மெய்யுன். முதலாளி சாப்பிடறப்ப எந்திரிச்சுப் போவாங்களா?"

மூன்றாவது முறை அவள் நீட்டியதும் மாமா அட்டையை வாங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அவள் வெறும் உள்ளங்கையை நீட்டினாள். மாமா அதில் ஒரு மீன் உருண்டையை வைத்தார்.

அவள் கடித்தாள். மேசை விரிப்பில் ரத்தம் சொட்டியதும் மாமா அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினார்.

மறுவாரம் மையத்துக்குப் போய்ச் சண்டை போட்டார். "உங்க வைத்தியம் ஒரு விருந்துக்குக்கூடத் தாங்கல."

"அட்டைய நீட்டினா உக்கார வெச்சீங்க, கடிச்சா தூக்கிட்டு ஓடினீங்க," என்றார் லின் டீச்சர். "எது வேலைக்கு ஆகும்னு அவளுக்குத் தெரியாதா சார்? முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். முக்கியமா நீங்க."

மாமா ஆரம்பிக்கவில்லை. அத்தை ஆரம்பித்தாள்.

புத்தாண்டின் இரண்டாம் நாள் அவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். பெண்ணின் கையில் கட்டு. பட்டாசு வெடித்ததும் அட்டையோடு எழுந்து, பக்கத்திலிருந்த அப்பாவைத் தாண்டி அத்தையிடம் போனாள்.

"அப்பாகிட்ட குடுடா," என்று மாமா குறுக்கே கையை நீட்டினார்.

யீசுவான் அந்தக் கையைப் பார்த்தாள். அட்டையைக் கீழே போட்டாள். கட்டுப் போட்ட கையை வாய்க்குக் கொண்டுபோனாள். அத்தை பாய்ந்து கையை விலக்கி, அட்டையை எடுத்து அவள் விரல்களுக்குள் வைத்து, தன்னிடம் நீட்டவைத்து, அப்புறம்தான் வெளியே கூட்டிப்போனாள்.

மாமா என் அப்பாவுக்குச் சாராயம் ஊற்றினார்.

"பாருங்க மச்சான், எல்லாம் உங்க வீட்டுப் பிடிவாதம்."