எந்த மாவ்ஷி?

புனேக்கு வந்த புதிதில் மேட்ரனுக்கு என்மேல் இருந்த ஒரே குறை, எனக்கு வேலை வாங்கத் தெரியவில்லை என்பதுதான். ஆண்கள் வார்டுக்கு நான் இன்சார்ஜ். ஊசியும் நானே, குறிப்பும் நானே, விரிப்பு மாற்றுவதும் நானே. எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்வதில் கொஞ்சம் திமிரும் இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். “எல்லாத்தையும் நீயே செஞ்சா மத்தவங்க எதுக்கு? சொல்லி வாங்கக் கத்துக்கோ” என்று ஒருநாள் இந்தியில் எகிறினார். சரியென்று நானும் சொல்லி வேலை வாங்க ஆரம்பித்தேன்.

வார்டில் உதவிக்கு மூன்று பெண்கள். ஒப்பந்தக்காரர் அனுப்பியவர்கள். அவர்களை இங்கே மாவ்ஷி என்பார்கள். மராத்தியில் சித்தி முறை. உறவு சொல்லித்தானே கூப்பிடுகிறோம், இதற்கு மேல் என்ன மரியாதை என்று நினைத்திருந்தேன். நான்கு வருடம் கூடவே வேலை பார்த்தும் ஒருத்தி பெயர்கூட எனக்குத் தெரியாது.

ஒன்பதாம் படுக்கையில் தேஹு ரோடு ராணுவ டெப்போவில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற தமிழர் ஒருவர் இருந்தார். பக்கவாதம். தானாகப் புரள முடியாது, இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் திருப்பிவிட வேண்டும். நான் மேசையிலிருந்து தலையைத் தூக்காமலே, “மாவ்ஷி, ஒன்பதைத் திருப்பிடுங்க” என்று குரல் கொடுப்பேன். எங்கிருந்தோ “ஹோ சிஸ்டர்”, சரி சிஸ்டர் என்று பதில் வரும். சார்ட்டில் டிக் போட்டுவிடுவேன். வேலை எவ்வளவு சுலபமாகிவிட்டது என்றுகூட நினைத்தேன்.

ஐந்தாம் நாள் அவருடைய மகள் வாகடிலிருந்து வந்தாள். “சிஸ்டர், அப்பா முதுகுல கீழ காயம் மாதிரி இருக்கு. ஜரா தேக்கோ நா” என்றாள். போய்ப் பார்த்தேன். உள்ளங்கை அகலத்துக்குத் தோல் உரிந்து சிவந்து கிடந்தது. அவருக்குப் பேச்சு வராது. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அழுகை வந்திருக்க வேண்டும், வரவில்லை. மருந்து வைத்துக் கட்டினேன், திருப்பிப் படுக்க வைத்தேன், கை கழுவினேன்.

புண் எப்படி வந்தது என்று எழுதித் தர மேட்ரன் தன் அறையில் ஒரு படிவத்தை நீட்டினார்.

“யார்கிட்ட சொன்ன?”

“மாவ்ஷிகிட்ட, மேடம்.”

“எந்த மாவ்ஷி? பேர் எழுதிக் கொண்டா.”

யாரிடமும் சொல்லவில்லை என்பதுதான் உண்மை. காற்றிடம் சொல்லியிருக்கிறேன். ஒவ்வொருத்தியும் இன்னொருத்தி செய்திருப்பாள் என்று இருந்திருக்கிறாள். அதை அப்படியே எழுதப் படிவத்தில் இடம் இருந்தது. ஆனால் சார்ட்டில் இருந்த டிக் எல்லாம் என் கைப்படப் போட்டவை. வேலை போய்விடுமோ என்று பயந்தேன். வார்டுக்கு வந்ததும் வாசல் பக்கம் நின்றிருந்தவளின் பெயரை எழுதினேன்.

திங்கட்கிழமையிலிருந்து அவள் வரவில்லை. ஒப்பந்தக்காரர் வேறொருத்தியை அனுப்பினார்.

பிறகு எங்களுக்கு ஒரு வகுப்பு நடத்தினார்கள். வேலையை ஒப்படைக்கலாம், பொறுப்பை ஒப்படைக்க முடியாது என்றார்கள். நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டேன். இப்போது பெயர் சொல்லிக் கூப்பிடுகிறேன், நேரம் சொல்கிறேன், முடிந்ததும் என்னிடம் வந்து சொல்லச் சொல்கிறேன், நானும் போய்ப் பார்க்கிறேன். மேட்ரன் மற்ற வார்டுகளுக்கு என்னை உதாரணம் காட்டுகிறார். ஒன்பதாம் படுக்கைக்காரர் புண் ஆறி வீட்டுக்குப் போனார், மகள் பேடா கொண்டுவந்து கொடுத்தாள். அதையும் தின்றேன். எதுவும் என்னை ஒன்றும் செய்யவில்லை.

அன்று எழுதுவதற்கு முன்னால், வாசல் பக்கம் நின்றிருந்தவளிடம் பெயர் கேட்க வேண்டியிருந்தது. ஆங்கிலப் படிவம், எதற்கென்று அவளுக்குத் தெரியாது. “நாலு வருஷத்துல இப்பத்தான் கேக்குறீங்க, சிஸ்டர்” என்று சிரித்தாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு தன் பெயர், புருஷன் பெயர், குடும்பப் பெயர் என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். சரியாக எழுதிவிட்டேனா என்று குனிந்து பார்த்தாள்.