கதவுநிலையில் ஒரு பள்ளம்

யூதர்கள் முன்பு வாழ்ந்த கிழக்கு லண்டன் தெருக்களை நடந்து பார்க்கப் போயிருந்தோம், மகளும் நானும். வழிகாட்டிப் பெண் ஒரு வீட்டின் கதவுநிலையைக் காட்டினார். மரத்தில் விரல் நீளத்துக்குச் சாய்வாக ஒரு பள்ளம், அதன்மேல் தடிப்பாகப் பச்சைப் பெயின்ற். வேதவரிகள் வைத்த சின்னக் கூடு ஒன்று அங்கே இருந்ததாம். போகும்போதும் வரும்போதும் வீட்டுக்காரர் அதைத் தொட்டு விரலை முத்தமிடுவார்களாம்.

என் விரல் தானாக அந்தப் பள்ளத்துக்குள் போனது.

யாழ்ப்பாணத்தில் எங்கள் ஐயாவும் நிலையைத் தொடாமல் வெளிக்கிட்டதில்லை. அவர் கை பட்ட இடம் மட்டும் எண்ணெய் பூசியதுபோல் கறுத்து மினுங்கும். சவர்க்கார மணத்தோடு வந்து தொட்டு, "போட்டு வாறன்" என்பார். அம்மா குசினிக்குள் இருந்து "ஓம்" என்பா. அவர் வீட்டிடம்தான் சொல்கிறார் என்று நான் நினைத்துக்கொள்வேன். வெறும் "போறன்" எங்கள் வாசலில் ஆகாது.

சண்டையில் ஊரோடு ஓடிய அன்று செல் விழுந்து வெடிக்கும் சத்தம் கிட்டக் கேட்டது. ஐயா நிலையில் கை வைத்தபடி நின்றார்.

"சொல்லிப்போட்டு வாங்கோவன்," என்றா அம்மா.

"என்னெண்டு சொல்லுறது?"

வாறன் என்றால் பொய். போறன் என்று சொல்ல வாய் வராது. கையை எடுத்துக்கொண்டு படி இறங்கினார். பல வருசம் கழித்து ஆமி எங்கள் காணியைத் திருப்பி விட்டபோது நான்தான் போய்ப் பார்த்தேன். சுவர் நின்றது. நிலையை யாரோ பெயர்த்துக்கொண்டு போயிருந்தார்கள்.

"அப்பா, கமோன், எல்லாரும் போகினம்," என்றாள் மகள்.

"வாறன்," என்றேன்.

கைதான் வரவில்லை.