குளவிக் கொட்டுக்கு நான் போட்ட பதிவு

இலங்கையில், தெரணியகலை பஸாரில் எங்களுக்கு ஒரு சில்லறைக் கடை இருக்கிறது. சாமான் ஏற்ற ஒரு வேனும் உண்டு, நான்தான் ஓட்டுவேன்.

போன மாதம் ஒரு காலையில், பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர்களைக் குளவி கொட்டிவிட்டதாகக் கடைக்கு வந்தவர் சொன்னார். எனக்கு மனம் பதறியது. உடனே போனை எடுத்து, 'நாம் குடிக்கும் தேநீரில் இவர்களின் கண்ணீர்' என்று பேஸ்புக்கில் எழுத ஆரம்பித்தேன். பாதியில் மகேஸ்வரி அழைத்தாள். அந்தத் தோட்டத்துப் பெண், எங்கள் கடையில்தான் சாமான் வாங்குவாள். எழுத வந்தது மறந்துவிடுமே என்று அழைப்பை வெட்டினேன். மறுபடியும் அடித்தாள். மறுபடியும் வெட்டினேன்.

பதிவைப் போட்டு, லைக் விழுவதையும் பார்த்துவிட்டு, சாவகாசமாக அவளை அழைத்தேன்.

"எங்க மாமியாரத்தான் அக்கா கொட்டிருச்சு. ஒங்க வேன கேக்கத்தான் கோல் எடுத்தேன். கொழுந்து லொறி வர்ற வரைக்கும் ரோட்டுலயே படுக்க வச்சிருந்தோம். இப்ப ஆஸ்பத்திரியில இருக்கோம்" என்றாள். பிறகு, "ஒங்க போஸ்ட்ட பாத்தேன் அக்கா. நல்லா எழுதியிருக்கீங்க."

அவள் குத்திக்காட்டவில்லை. மனதாரத்தான் சொன்னாள். வேன் கடை வாசலிலேயே நின்றுகொண்டிருந்தது.

மாமியார் பிழைத்துவிட்டார். இப்போதெல்லாம் நான் எந்த அழைப்பையும் வெட்டுவதில்லை. வேன் சாவி கடைக்குள் ஆணியில் தொங்குகிறது. நான் இல்லாவிட்டாலும், அவசரமென்றால் ஓட்டத் தெரிந்தவர்கள் எடுத்துப் போகலாம்.

அந்தப் பதிவுக்கு இன்னும் பாராட்டு வருகிறது. அதன் கீழே நடந்ததை எழுதப் பல தடவை போனேன், துணிவு வரவில்லை. என்னைத் தெரியாத உங்களிடம்தான் சொல்ல முடிகிறது.