என்ன கொடுத்தீங்க?

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, கையில் மார்பியா ஊசியோடு ஒரு மனிதனைக் கொல்லப் பார்த்தேன்.

பயப்படாதீர்கள், கொல்லவில்லை. கொன்றிருந்தால் இந்த வாரம் இந்தப் பக்கத்தில் வேறு யாராவது வடகம் காயப்போடுவது பற்றி எழுதிக்கொண்டிருப்பார்கள்.

வழக்கமாகப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன் — எனக்குத் தூத்துக்குடியில், தோணித் துறைக்குப் பக்கத்து முதலுதவி அறையில் நர்ஸ் வேலை. ஒரு கட்டில், ஒரு அலமாரி, ஒரு டெலிபோன். டாக்டர் ஊருக்குள் ஆஸ்பத்திரியில் இருப்பார். அவசரத்துக்குப் போனில் உத்தரவு கொடுப்பார். புதுத் துறைமுகம் கட்டி முடியும்வரை பெரிய கப்பல்கள் நடுக்கடலில்தான் நிற்கும். சரக்கைத் தோணியில் கொண்டுபோய் ஏற்ற வேண்டும். அங்கே ஒருவனுக்கு அடிபட்டால்? பாய் விரித்துக் கரை சேர இரண்டு மணி நேரம். காற்று முறைத்துக்கொண்டால் மூன்று.

அந்த இரண்டு மணி நேரத்தில் தோணியில் என்ன நடக்கிறது? அது எனக்குத் தெரியவே தெரியாது என்பதை அந்தச் செவ்வாய்க்கிழமைதான் தெரிந்துகொண்டேன்.

சூசையைப் பலகையில் வைத்துத் தூக்கிவந்தார்கள். இருபத்தாறு வயது. நிலாவாரை இலைச் சிப்பங்களைக் கப்பலுக்கு ஏற்றும்போது, கயிறு நழுவி ஒரு சிப்பம் தொடைமேல் விழுந்துவிட்டது. கால் ஒரு பக்கமாகத் திரும்பிக் கிடந்தது. எலும்பு முறிந்திருக்கிறது என்று சொல்ல நர்ஸ் தேவையில்லை.

கூட வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் தோணித் தலைவர் — தண்டல் என்பார்கள் — மிக்கேல் அண்ணாச்சி. சூசைக்குத் தாய்மாமன். போதாததற்கு வருங்கால மாமனார். தன் மகளுக்கும் சூசைக்கும் கல்யாணம் என்று அதற்கு முந்தின ஞாயிறுதான் கோயிலில் மூன்று அறிவிப்பு ஓலைகளில் முதல் ஓலையை வாசித்திருந்தார்கள். இன்னொருவர் தோணிச் சமையல்காரர் தொம்மை. இரண்டு பேர் முகத்திலும் ரத்தமே இல்லை.

டாக்டருக்குப் போன் போட்டேன். கட்டை வைத்துக் கட்டு, மார்பியா போடு, ஜீப்பில் அனுப்பு என்றார். மருந்து ஏதாவது கொடுத்தீர்களா என்று இவர்களைக் கேட்டேன். "ஒரு மருந்தும் குடுக்கல சிஸ்டர். வெறும் டீத்தண்ணிதான்" என்றார் மிக்கேல் அண்ணாச்சி.

சரி. ஊசியில் மருந்தை ஏற்றினேன். சூசையின் கையில் ஸ்பிரிட் பஞ்சைத் தேய்த்தேன்.

சில்லென்று இருந்திருக்கும். அவன் அசையவில்லை.

அப்போதுதான் உறைத்தது... இவன் ஏன் கத்தவில்லை? என் அறையில் சுண்டுவிரல் நசுங்கினவன்கூட மாதாவையும் என்னைப் பெற்றவளையும் சேர்த்துக் கூப்பிடுவான். இவன் தொடை எலும்பு முறிந்து தூங்கிக்கொண்டிருக்கிறான்! இமையைத் தூக்கிப் பார்த்தேன். கண்மணி கடுகு மாதிரி சுருங்கியிருந்தது. மூச்சை எண்ணினேன். ஒரு நிமிஷத்துக்கு ஒன்பது. நீங்களும் நானும் பன்னிரண்டுக்குக் குறையாமல் விடுகிறோம்.

வலியில் இருப்பவனுக்கு மூச்சு வேகமாகத்தான் ஓடும். கண்மணி சுருங்கி, மூச்சும் மந்தமானால் சந்தேகம் ஒன்றின்மேல்தான் போகும். அபின், அல்லது அபினிலிருந்து எடுத்த ஏதாவது. என் ஊசியில் இருந்த மார்பியாவும் அபினிலிருந்து வந்ததுதான். உள்ளே ஏற்கெனவே ஒன்று மூச்சை அமுக்கிக்கொண்டிருக்கும்போது, நான் போய் அதற்குத் துணை அனுப்பப் பார்த்திருக்கிறேன்.

ஊசியைத் தட்டில் வைத்தேன். கதவைச் சாத்தினேன்.

"அண்ணாச்சி, நான் போலீசும் இல்ல, கஸ்டம்ஸும் இல்ல. நீங்க வாயத் திறக்காம நான் இந்த ஊசியப் போட்டா, ரெண்டாவது ஓலைய வாசிக்க வேண்டியதிருக்காது. என்ன குடுத்தீங்க?"

முதலில் உடைந்தது தொம்மை. டீயில் ஒரு மூடி சாராயம் கலந்தாராம். மதுவிலக்கு ஊரில் அதை எப்படிச் சொல்வது என்று பயம். அதைக் கேட்டு மிக்கேல் அண்ணாச்சி அவரைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே... ஏனென்றால் தண்டல் கொடுத்தது சமையல்காரருக்குத் தெரியாது, சமையல்காரர் கொடுத்தது தண்டலுக்குத் தெரியாது!

"கறுப்பு குடுத்தேன்" என்றார் மிக்கேல் அண்ணாச்சி. அபினுக்குத் தோணியில் அதுதான் பெயர். "மிளகளவுதான் சிஸ்டர். அரைமணி ஆகியும் பய துடிச்சிக்கிட்டே கெடந்தான். மனசு கேக்கல. இன்னொண்ணு குடுத்தேன்."

அந்த 'இன்னொண்ணு'தான் எமன்.

வாய்வழியாகப் போகும் மருந்து வயிற்றில் கரைந்து, ரத்தத்தில் ஏறி, வேலையைக் காட்ட நேரம் எடுக்கும். அடிபட்டவனுக்கு வயிறே சரியாக வேலை செய்யாது, இன்னும் தாமதமாகும். கேட்கவில்லையே என்று அடுத்ததைக் கொடுக்கிறோம். அப்புறம் இரண்டும் கைகோத்துக்கொண்டு வருகின்றன. சாராயமும் அதே பக்கம்தான் தள்ளும். ஊசிக்கோ பொறுமையே கிடையாது, நிமிஷத்தில் ஆளைப் பிடித்துவிடும். இதெல்லாம் நர்சிங் முதல் வருஷப் பாடம். நான் நல்ல மார்க் வாங்கிய பாடம் வேறு.

மறுபடி டாக்டருக்குப் போன். ஊசி வேண்டாம், மூச்சை மட்டும் விட்டுவிடாதே என்றார். கட்டை வைத்துக் கட்டி ஜீப்பில் ஏற்றினோம். நான் அவன் தலைமாட்டில். தாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "ஏலே சூசை, மூச்ச இழு" என்று வழியெல்லாம் கத்தினேன். கத்தினால் இழுப்பான். நிறுத்தினால் அவனும் நிறுத்தப் பார்ப்பான். விடுவேனா? ஆஸ்பத்திரி வாசலில் என் தொண்டைதான் போயிருந்தது, அவன் மூச்சு போகவில்லை.

வயிற்றில் மிச்சம் கரைந்துகொண்டே இருக்கும் என்பதால் பொழுது சாயும்வரை பக்கத்திலேயே இருந்து எண்ணினோம். சாயங்காலம் சூசை கண்ணைத் திறந்து, வார்டே அதிரும்படி வலியில் அலறினான். அதைப்போல இனிமையான சத்தத்தை நான் கேட்டதில்லை. மிக்கேல் அண்ணாச்சி சுவரில் சாய்ந்து அழுதார். நானும்தான் அழுதேன், மறைப்பானேன்?

இதில் தப்பு யார்மேல்? அண்ணாச்சி பயந்து மறைத்தார், உண்மை. ஆனால் நான் கேட்ட கேள்வியே தப்பு. 'மருந்து கொடுத்தீர்களா' என்று கேட்டால் நம் ஜனங்கள் இல்லை என்றுதான் சொல்வார்கள். ஏனென்றால் ஆஸ்பத்திரியில் கொடுப்பதுதான் மருந்து. பாசத்தில் கொடுப்பது மருந்து இல்லை! நாசரேத்தில் என் வீட்டிலேயே அப்பாவுக்குத் தலைவலி என்றால் அம்மா ஒரு மாத்திரை, சித்தி ஒரு மாத்திரை, டியூஷனுக்கு வந்த டீச்சர் தன் பங்குக்கு ஒன்று. மூன்றும் ஒரே மாத்திரை என்று யாருக்குத் தெரியும்? உங்கள் வீட்டில் நடப்பதில்லையா?

அதனால் அன்றிலிருந்து என் கேள்வியை மாற்றிவிட்டேன். என்ன கொடுத்தீங்க? எவ்வளவு? எத்தனை மணிக்கு? வாயிலா, வேறு வழியிலா? பதில் வரும்வரை ஊசி தட்டை விட்டு எழுந்திருக்காது.

ஆனால் கேட்டால் மட்டும் போதுமா? பதற்றத்தில் வருகிறவனுக்கு மணி எப்படி ஞாபகம் இருக்கும்?

மறுவாரம் தோணித் துறைக்கே போனேன். அபின் வேண்டாம், கட்டை வைத்துக் கட்டிச் சீக்கிரம் கொண்டுவாருங்கள் என்று ஒவ்வொரு தண்டலிடமும் கெஞ்சினேன். தலையை ஆட்டினார்கள். எனக்கு அந்தத் தலையாட்டல் தெரியும். வேண்டாம் என்றால் நிறுத்த மாட்டார்கள், இன்னும் நன்றாக மறைப்பார்கள். அதனால் இரண்டாவதாக ஒன்று கேட்டேன் — மீறி எதைக் கொடுத்தாலும், கொடுத்த கையோடு அடிபட்டவன் கையில் எழுதிவிடுங்கள். கறுப்புக்கு ஒரு கோடு, பக்கத்தில் மணி. பெயர் எழுத வேண்டாம், கஸ்டம்ஸுக்குப் புரியவும் வேண்டாம், எனக்குப் புரிந்தால் போதும்.

மிக்கேல் அண்ணாச்சிக்கே கோபம் வந்துவிட்டது. "மனுசன் மேனியில மார்க் போடச் சொல்லுதீங்களே சிஸ்டர், அவன் என்ன சிப்பமா?"

அவர் பக்கத்திலேயே நிலாவாரைச் சிப்பங்கள் அடுக்கியிருந்தன. வயிறு இளகக் குடிக்கிற ஒரு இலை. அதற்கு ஸ்டென்சில் தகடு வைத்து, கறுப்பு மையில், பெயர், எடை, போகிற ஊர்... நனையக் கூடாது என்று ஒரு குடைப் படம் வேறு.

"பேதி மருந்துக்கு இம்புட்டு எழுதுதீங்க. உங்க மருமகனுக்கு ஒரு கோடு போடக் கூடாதா?" என்றேன்.

அவர் அடுத்த சிப்பத்தைத் தூக்கப் போய்விட்டார். நானும் விடவில்லை. தினமும் டியூட்டி முடிந்ததும் துறைக்குப் போய் அதையே சொன்னேன். என் தலையைக் கண்டதும் பாயை விரித்துக்கொண்டு கிளம்பிய தோணிகளும் உண்டு. இருக்கட்டும், திரும்பி இந்தக் கரைக்குத்தானே வர வேண்டும்?

இந்தத் திங்கள்கிழமை பலன் கிடைத்தது. அதே தோணி. இந்தத் தடவை அடிபட்டது சமையல்காரர் தொம்மை. கொதிக்கிற உலை பாதத்தில் கவிழ்ந்து, கொப்புளம் கொப்புளமாக வந்து சேர்ந்தார்.

"என்ன குடுத்தீங்க?" என்றேன்.

மிக்கேல் அண்ணாச்சி தொம்மையின் கையைத் திருப்பிக் காட்டினார். ஸ்டென்சில் மையில் '10.20' என்று மணி. பக்கத்தில் கறுப்புக்கான கோடு இல்லை. ஒரு வட்டம், அதற்குள் 1. ஆஸ்பிரின் ஒன்றே ஒன்றுதானாம். அதற்குக் கீழே ஒரு படம்... குடை.

இது எதற்கு என்று கேட்டேன். தொம்மைதான் பதில் சொன்னார், கால் எரிச்சலைவிடப் பெரிய எரிச்சலோடு.

"தொண்ட நனைய ஒரு மூடி சாராயங்கூடக் குடுக்கல சிஸ்டர். அத உங்களுக்குக் காட்டணுமாம்."